இளநிலை உதவியாளராகச் சேர்ந்த இளைஞர் அலுவலகத்துக்குப் பழகுவது எப்படி?

பொறியியல் படித்து, சில ஆண்டுகள் போட்டித் தேர்வுக்குத் தயாராகி, குரூப் 4 வழியாக ஒரு மாவட்ட அலுவலகத்தின் பணியமைப்புப் பிரிவில் (ஊழியர்களின் ஊதிய உயர்வு, விடுப்பு, ஓய்வூதியம் போன்றவற்றைக் கவனிக்கும் பிரிவு) இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதமான இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். யாரும் வேலை சொல்லித் தருவதில்லை, "பழைய ஃபைலைப் பார்த்து எழுதுங்க தம்பி" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். எழுதி வைத்தாலும் கண்காணிப்பாளர் "பேசுக" என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார். கணினி தெரிந்தவர் என்பதால் மற்றவர்களின் தட்டச்சு வேலையெல்லாம் அவர் தலையில் விழுகிறது. உடன் படித்த நண்பர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறார்கள். இந்த வேலைக்குத் தான் பொருந்துவோமா, இல்லை விட்டுவிட்டுப் போய்விடுவதா என்பதே அவருடைய கேள்வி.

இதே பதவியில் சேர்ந்து, உதவியாளராகி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இப்போது இருக்கும் சிரமத்தில் பெரும்பகுதி மனிதர்களால் வந்தது போலத் தோன்றினாலும், அது கோப்பைப் படிக்கவும் குறிப்பு எழுதவும் இன்னும் கைவராததால் வந்தது. அது கைவந்துவிட்டால் மனிதர்களோடு உள்ள சிக்கலில் பாதி தானாகவே தளர்ந்துவிடும். மீதிப் பாதியைத் தாங்கும் தெம்பும் உங்களுக்கு வந்துவிடும். நல்ல குணமும் கூர்மையான அறிவும் உள்ள இளைஞர்கள் பலர், அலுவலகத்தில் எல்லோரிடமும் நல்ல பெயர் எடுப்பதற்கே முதல் ஆண்டைச் செலவழித்துவிட்டு, தங்கள் இருக்கையின் வேலையைக் கற்றுக்கொள்ளாமல் போனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டாம் ஆண்டில் நல்ல பெயரும் மிஞ்சவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் தடுமாற்றத்தில் உங்கள் தவறு ஏதுமில்லை. குரூப் 4 தேர்வில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். எல்லாமே கொள்குறி வகை. ஆயிரக்கணக்கான பக்கங்களை மனப்பாடம் செய்து, சரியான வட்டத்தை நிரப்பி வென்றிருக்கிறீர்கள். அந்த உழைப்பு சாதாரணமானதன்று. ஆனால் அத்தனை ஆண்டுகளில் ஒரு பத்தியைச் சொந்தமாக எழுதும்படி அந்தத் தேர்வு உங்களைக் கேட்கவில்லை. அலுவலகமோ சேர்ந்த முதல் நாளே, ஒரு மனுவைப் படித்து அதன் சாரத்தை நான்கு வரியில் எழுதி, பொருந்தும் விதியைக் காட்டி, என்ன செய்யலாம் என்று மேலதிகாரிக்குப் பரிந்துரை செய்யச் சொல்கிறது. படிப்பகத்தில் தனியாக உட்கார்ந்து படித்துப் பழகியவருக்கு, பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும் அறையில், நடுவில் வரும் மனுதாரருக்குப் பதில் சொல்லிக்கொண்டே எழுதுவதும் புதிதாகத்தான் இருக்கும். இதைத் தகுதிக் குறைவு என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம்.

இருக்கையிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவர் மாறுதலில் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் கொடுத்தாரா என்று பாருங்கள். பெரும்பாலும் முழுமையாகக் கொடுத்திருக்க மாட்டார். அல்லது நீங்கள் வருவதற்கு முன் அந்த இருக்கை பல மாதங்கள் காலியாக இருந்து, கூடுதல் பொறுப்பாக யாரோ பார்த்திருப்பார்கள். ஒரு சனிக்கிழமை கண்காணிப்பாளரின் அனுமதியோடு வந்து, அலமாரியில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் கீழே இறக்கி, தன் பதிவேட்டோடு, அதாவது உங்கள் இருக்கைக்கு வரும் தபால்களைப் பதியும் ஏட்டோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டில் இருந்து அலமாரியில் இல்லாதவை ஒரு பட்டியல், அலமாரியில் இருந்து பதிவேட்டில் இல்லாதவை இன்னொரு பட்டியல், பதிவே செய்யப்படாமல் கட்டாகக் கிடக்கும் தபால்கள் மூன்றாவது பட்டியல். மூன்றையும் தேதியிட்டு, கண்காணிப்பாளருக்கு ஒரு குறிப்பாக வைத்து, அவருடைய கையொப்பத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம், இப்போது செய்தாலும் பயன் உண்டு. இரண்டு ஆண்டு கழித்து ஏதோ ஒரு நீதிமன்ற வழக்கில் ஒரு கோப்பு தேடப்பட்டு அது கிடைக்காதபோது, "இவர் சேர்ந்தபோதே அது இல்லை" என்று சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும்.

"பழைய ஃபைலைப் பார்த்து எழுது" என்பதைத் தட்டிக்கழிக்கும் பேச்சாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சொல்பவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அதைவிட நல்ல அறிவுரை இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் அவர் சொல்லித் தரவில்லை. பதிவறைக்குப் போய், உங்கள் இருக்கைக்குரிய பொருள்களில் முடிவடைந்த கோப்புகள் நான்கைந்தைக் கேட்டு வாங்குங்கள்: ஒன்று ஆண்டு ஊதிய உயர்வு, ஒன்று விடுப்பு ஒப்பளிப்பு, ஒன்று ஓய்வூதியக் கருத்துரு, ஒன்று ஒழுங்கு நடவடிக்கை. ஒவ்வொன்றிலும் கடிதங்கள் அடங்கிய நடப்புக் கோப்பை ஒரு பக்கமும், அலுவலகக் குறிப்புகள் அடங்கிய குறிப்புக் கோப்பை இன்னொரு பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு, முதலில் வந்த தபாலிலிருந்து தேதி வரிசையில் படியுங்கள். எந்தக் கடிதம் வந்ததால் எந்தக் குறிப்பு எழுந்தது, அந்தக் குறிப்பின் மேல் அதிகாரி என்ன எழுதினார், அதன்படி எந்த வரைவு போனது, அதற்கு என்ன பதில் வந்தது என்று தொடர்ந்து பார்த்தால், ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பது விளங்கிவிடும். கோப்பு எந்த முடிவில் மூடப்பட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஓராண்டு வைத்திருந்து அழிப்பது, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்ற வகைப்பாடு வெறும் சடங்காகத் தெரியும். ஆனால் நிரந்தரமாக இருக்க வேண்டிய ஒன்றை ஓராண்டு முடிவில் மூடியதால் ஒரு குடும்பம் அலைந்ததை நேரில் பார்த்தால் அப்படித் தோன்றாது.

ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால் தெளிவாகும். 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள ஓட்டுநர் ஒருவர் இன்னும் சில மாதங்களில் ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஓய்வூதியக் கருத்துருவைத் தயாரித்துச் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு அனுப்புவது உங்கள் இருக்கையின் வேலை. படிவங்களை நிரப்புவது எளிது. பணிப்பதிவேட்டில்தான் பிரச்சினை இருக்கும். எடுத்துப் பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முன் அவர் உடல்நலம் குன்றி நான்கு மாதம் விடுப்பில் இருந்திருப்பார். விடுப்புக் கோரிய கடிதம் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும். ஒப்பளிப்பு ஆணை இருக்காது, அல்லது ஆணை இருந்தும் பணிப்பதிவேட்டில் பதிவு இருக்காது. இன்னோர் ஆண்டில் பணிச் சரிபார்ப்புச் சான்று விடுபட்டிருக்கும். ஓர் ஊதிய உயர்வுப் பதிவு எழுதப்பட்டிருக்கும், கீழே அலுவலரின் கையொப்பம் இருக்காது. இவற்றைக் கவனிக்காமல் அனுப்பினால், கருத்துரு தணிக்கைக் குறைபாடுகளோடு திரும்பி வரும். அதற்குள் ஓட்டுநர் ஓய்வு பெற்றிருப்பார். ஒவ்வொரு மாதமும் உங்கள் மேசைக்கு முன் வந்து நிற்பார்.

முன்னதாகவே கவனித்துவிட்டால் வழி உண்டு. பழைய சம்பளப் பட்டியல்களிலிருந்து அந்த நான்கு மாதத்துக்கு ஊதியம் பெறப்பட்டதா என்று பார்க்கலாம். அப்போது அவர் வேறு அலுவலகத்தில் இருந்திருந்தால் அங்கிருந்து சரிபார்ப்புச் சான்று கேட்டு எழுதலாம். முறைப்படி விடுப்பை ஒழுங்குபடுத்தி ஆணை பெறலாம். இதையெல்லாம் செய்து, "பணிப்பதிவேடு பக்கம் இத்தனையில் உள்ள குறை இவ்வாறு நிவர்த்தி செய்யப்பட்டுள்ளது" என்று குறிப்பில் எழுதி வைக்கும் இளநிலை உதவியாளரை எந்தக் கண்காணிப்பாளரும் மறக்க மாட்டார். வயது, படிப்பு, சாதி, யாருடைய ஆள் என்ற பேச்செல்லாம் அந்த ஒரு குறிப்புக்கு முன் சிறுத்துவிடும். அந்த ஓட்டுநரும் தன் வாழ்நாள் முழுக்க உங்கள் பெயரைச் சொல்வார். இந்தப் பிரிவு வெறும் தாள் புரட்டும் இடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருபத்தைந்து முப்பது ஆண்டு உழைத்த ஒருவருடைய முதுமைக்கால வருமானம் உங்கள் மேசையில் இருக்கிறது.

இனி "பேசுக" என்பது. அதைக் கண்டிப்பு என்று எடுத்துக்கொண்டு, அறைக்குள் போகவே அஞ்சி, கோப்பை மேசையின் அடியில் வைத்துவிடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அலுவலக வழக்கில் அதன் பொருள், இதைத் தாளில் கேட்டுத் தாளில் பதில் வாங்குவதைவிட நேரில் பேசினால் விரைவாக முடியும் என்பதுதான். அன்றே, கூடுமானால் மாலை நெரிசல் குறைந்த நேரத்தில், கோப்பையும் தொடர்புடைய அரசாணையையும் ஒரு குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அவர் சொல்வதை அவர் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும், பழைய குறிப்பைக் கிழித்தோ திருத்தியோ விடாமல், அதன் கீழே "பேசப்பட்டது" என்று தேதியோடு தொடங்கி, அவர் சொன்னபடி புதிய குறிப்பைத் தொடருங்கள். அவர் அடித்துத் திருத்திய வரைவுகளின் நகலை ஓர் உறையில் சேர்த்து வையுங்கள். சில மாதம் கழித்து அவற்றை ஒருசேரப் படித்தால், அவர் திரும்பத் திரும்பத் திருத்துவது மூன்று நான்கு வகைப் பிழைகளைத்தான் என்பது தெரியவரும்: முந்தைய கடிதங்களைக் குறிப்பிடும் "பார்வை" பகுதியில் அவற்றின் தேதி வரிசை மாறியிருக்கும், பொருள் வரி கடிதத்தின் உள்ளடக்கத்தோடு ஒட்டாது, ஒரே வாக்கியத்தில் மூன்று செய்திகள் இருக்கும், கேட்பது என்ன என்பது கடைசிப் பத்தியில்கூட இராது. இந்த நான்கையும் நீங்களே சரிசெய்துவிட்டால் "பேசுக" என்பது அரிதாகிவிடும்.

குறிப்பு எழுதும்போது, படிக்கும் அலுவலர் கோப்பைப் புரட்டாமலேயே முடிவெடுக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்ன கோரப்பட்டிருக்கிறது, முன்பு இதே பொருளில் என்ன நடந்தது, எந்த விதி அல்லது அரசாணை பொருந்தும், அது எந்தப் பக்கத்தில் கொடியிடப்பட்டிருக்கிறது, உங்கள் பரிந்துரை என்ன என்ற வரிசையில் போங்கள். கடைசியில் பரிந்துரை இல்லாமல் "ஆணைக்குப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. அது பாதுகாப்பானதுபோலத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பரிந்துரை எழுதாதவர் விதியைப் படிக்கமாட்டார். விதியைப் படிக்காதவர் பத்து ஆண்டு ஆனாலும் புதியவராகவே இருப்பார். உங்கள் பரிந்துரையை அலுவலர் ஏற்காமல் போகலாம். அதில் மானக்குறைவு ஒன்றுமில்லை. கோப்புகள் மின் அலுவலகத்துக்கு மாறிவரும் இந்தக் காலத்திலும் இது மாறவில்லை. களஞ்சியம் என்ற அரசின் கணினி மென்பொருளில் ஊதியப் பட்டியல் தயாரிக்கத் தெரிவது வேறு, எந்த விதியின் கீழ் அந்த ஊதியம் சரி என்று எழுதத் தெரிவது வேறு.

வாய்மொழி உத்தரவைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். "நான் சொல்றேன், அனுப்பிடுங்க" என்று யாராவது சொன்னால், அதை மறுத்து வாதிட வேண்டியதில்லை. அந்தப் பணியைச் செய்யும்போது குறிப்பில் "கண்காணிப்பாளரின் வாய்மொழி அறிவுரைப்படி" என்று எழுதி, அவருடைய பார்வைக்கு வைத்துக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். நேர்மையாகச் சொன்னவர் தயங்காமல் கையொப்பமிடுவார். தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் போதிய தகவல். பின்னாளில் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி 17(அ) குறிப்பாணையோ (சிறு தண்டனைக்கானது) 17(ஆ) குற்றச்சாட்டோ (பெருந்தண்டனைக்கானது) வருமானால், கேள்வி கோப்பை வைத்தே எழும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதை அங்கே யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

மற்றவர்களுக்குத் தட்டச்சு செய்து கொடுப்பதை அடியோடு நிறுத்திவிட வேண்டாம். ஆனால் அதற்கு ஓர் எல்லை வையுங்கள். கணினி தெரிந்த பையன் என்று பெயர் எடுத்தவரின் இருக்கையில் நிலுவை ஏறுவது நான் எல்லா அலுவலகங்களிலும் கண்டது. மாத இறுதியில் நிலுவைப் பட்டியல் தயாராகும்போது, நீங்கள் யாருக்கெல்லாம் உதவினீர்கள் என்ற கணக்கு அதில் வராது. "என் தபால்களை முடித்துவிட்டு நான்கு மணிக்கு மேல் செய்து தருகிறேன் சார்" என்று ஒருமுறை பணிவாகச் சொல்லி, சொன்னபடி செய்து கொடுத்தால், அடுத்த முறை அவர்களே நான்கு மணிக்கு வருவார்கள். அதற்குப் பதிலாக அவர்களுக்குத் தெரிந்ததை நீங்கள் கேட்டுப் பெறலாம். உதவியாளராக இருக்கும் மூத்தவர் ஒருவருக்குக் கணினியில் கணக்குத் தாளை அமைத்துக் கொடுங்கள், அவரிடம் ஊதிய நிர்ணயக் கோப்பு ஒன்றை விளக்கச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லித் தரமாட்டார்கள் என்று நீங்கள் நினைப்பவர்களில் பலர், அதுவரை யாரும் தங்களை மதித்துக் கேட்டதில்லை என்பதால்தான் பேசாமல் இருக்கிறார்கள்.

அலுவலக உதவியாளர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். பட்டம் பெற்ற இளைஞர்கள் சிலர் தம்மைவிட இருபது வயது மூத்தவரை ஒருமையில் அழைப்பதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். மரியாதை கொடுப்பது மனிதப் பண்பு என்பது ஒருபுறம் இருக்க, பதிவறையில் எந்த அடுக்கில் எது இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும். உங்களையே தேநீர் வாங்கிவரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் உங்களுக்காகக் கடைக்குப் போகும்போது சேர்த்து வாங்கிவருவதில் குறைவில்லை. தினமும் அதையே வேலையாக்கினால், கையில் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு "இதை இன்று அனுப்ப வேண்டும் சார்" என்று சொல்லுங்கள். கோபமோ விளக்கமோ தேவையில்லை.

பெண் அலுவலர்களின் கீழும் பெண் சக ஊழியர்களோடும் பணிபுரிவீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பணி நியமனத்தில் 30 விழுக்காடாக இருந்த மகளிர் இட ஒதுக்கீட்டை 40 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு 2021-இல் வந்தது. ஆகவே உங்கள் தலைமுறைக்கு இது அன்றாட நடைமுறை. ஆண்கள் மட்டுமே படித்த வகுப்பிலோ விடுதியிலோ இருந்து வந்த இளைஞர்களுக்கு இங்கே ஒரு கூச்சமும், சிலருக்கு ஒரு துடுக்குத்தனமும் இருக்கும். இரண்டும் வேண்டாம். பெண் கண்காணிப்பாளர் திருத்தியதை மற்ற ஆண்களோடு தேநீர்க் கடையில் கேலி பேசும் கூட்டத்தில் நிற்காதீர்கள். தனிப்பட்ட எண்ணுக்குத் தேவையற்ற செய்திகளை அனுப்பாதீர்கள். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் அலுவலகங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்திருங்கள். சட்டத்துக்கு அஞ்சி நடப்பதைவிட, எதிரில் இருப்பவரின் வேலையை மதித்து நடப்பது எளிது.

பணத்தைப் பற்றி, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். உங்கள் இருக்கைக்கு வருபவர் ஒருவர், வேலை முடிந்த பிறகு, "பேப்பர் செலவுக்கு வச்சுக்கோங்க சார்" என்று ஐநூறு ரூபாயை மேசையில் வைப்பார். கேட்டு வாங்கவில்லையே, வேலையும் நியாயமாகத்தானே நடந்தது என்று மனம் சமாதானம் சொல்லும். அந்த முதல் ஐநூறை எடுக்காதீர்கள். அதை எடுத்தவர் இரண்டாவதை எதிர்பார்ப்பார். மூன்றாவது வராதபோது கோப்பு தாமதமாகும். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் இப்படித்தான் கெட்டுப்போகிறார்கள். பெரும்பாலோர் ஒரே நாளில் கெட்டவர்கள் அல்லர். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, கையூட்டுப் பெறுவதற்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறைத் தண்டனை உண்டு. இளநிலை உதவியாளர்களுக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. "இந்தக் கவரை அவர்கிட்ட கொடுத்துடு தம்பி" என்று யாராவது கொடுத்தால், வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், கையூட்டு வாங்குபவரைப் பிடிக்க இரசாயனப் பொடி தடவிய நோட்டைத் தொட்டுவிட்டு, வேறொருவருக்காக வழக்கில் நிற்கும் நிலை வரலாம். "நீங்களே கொடுத்துவிடுங்கள் சார், நான் வேலையாக இருக்கிறேன்" என்று எழுந்துவிடுங்கள். அப்படி மறுத்தால் பிரிவில் ஒதுக்கிவைப்பார்கள் என்ற அச்சம் இருக்கும். சில அலுவலகங்களில் சில மாதங்களுக்கு உண்மையிலேயே ஒதுக்கிவைப்பார்கள். அந்தச் சில மாதங்களைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

பிணைக் கையொப்பமும் அப்படித்தான். பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் சக ஊழியர் ஒருவர் கடன் எடுக்க, புதிதாகச் சேர்ந்தவரிடம் பிணை கேட்பார்கள், மறுக்கத் தெரியாதவர் என்பதால். அவர் கட்டாவிட்டால் பிடித்தம் உங்கள் சம்பளத்தில் நடக்கும். இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தாலும், அறை வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக, மற்றவரின் கடனைச் சுமக்க அதில் இடமில்லை. வேலை கிடைத்த கையோடு பெண் வீட்டாரும் வருவார்கள், "மாப்பிள்ளைக்கு என்ன செய்யணும்" என்ற பேச்சும் வரும். வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அரசு ஊழியர் நடத்தை விதிகளும் அதைத் தடை செய்கின்றன. வீட்டில் பெரியவர்கள் பேசுகிறார்கள், நான் என்ன செய்வது என்று ஒதுங்கிக்கொள்ளாமல், இதை நீங்களே முதலில் சொல்லிவிட வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, குரூப் 2-க்குத் தொடர்ந்து படிப்பதாக எழுதியிருந்தீர்கள். படியுங்கள்; ஆனால் அதற்கு முன் துறைத் தேர்வுகளை முடித்துவிடுங்கள். தேர்வாணையம் இவற்றை வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும், நடத்துகிறது. தமிழ்நாடு அரசு அலுவலக நடைமுறை நூல் தேர்வும், சார்நிலை அலுவலர்களுக்கான கணக்குத் தேர்வும் உங்கள் பதவி உயர்வோடு தொடர்புடையவை. உங்கள் துறையின் சிறப்பு விதிகளில் வேறு என்ன தேர்வுகள் உள்ளன என்று பணியமைப்புப் பிரிவிலேயே இருக்கும் நீங்கள் எளிதாகத் தெரிந்துகொள்ளலாம். தகுதிகாண் பருவம் தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகள் பணி முடிப்பது. பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சிக்கும் உங்களை அனுப்புவார்கள். அதை விடுமுறையாக நினைத்துப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் ஒரு குறிப்பேட்டில் உங்கள் இருக்கையில் விளங்காதவற்றையெல்லாம் இப்போதிருந்தே எழுதி வைத்து, அங்கே விரிவுரையாளர்களிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வெவ்வேறு துறைகளிலிருந்து வரும் உங்கள் வயதுத் தோழர்கள் அங்கே கிடைப்பார்கள். ஊர் விட்டு ஊர் வந்து தனி அறையில் இருக்கும் இளைஞருக்கு அந்த நட்பு பெரிய துணை. மாலை நேரக் குடிக் கூட்டங்களில் தேடும் துணையைவிட அது நீடிக்கும்.

கடைசியாக, விட்டுவிட்டுப் போகலாமா என்ற கேள்வி. நண்பர்களின் சம்பளத்தோடு ஒப்பிட்டு வரும் வருத்தம் இயல்பானது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். தனியார் துறைக்கே மனம் போகிறது என்றால் போவதில் தவறில்லை. அரசு வேலையை விட்டுவிட்டு நன்றாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று மாதத்தில், வேலையே தெரியாத நிலையில், அந்த முடிவை எடுக்காதீர்கள். பவானிசாகர் பயிற்சியை முடித்து, ஓர் ஓய்வூதியக் கருத்துருவையாவது தொடக்கத்திலிருந்து இறுதிவரை நீங்களே நடத்தி முடித்த பிறகு யோசியுங்கள். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால், பணியிலிருந்து விலகுவதாக முறைப்படி எழுதிக் கொடுத்து, அது ஏற்கப்பட்டு விடுவிக்கப்படும்வரை அலுவலகத்துக்கு வந்து, கோப்புகளைப் பட்டியலிட்டு அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் அது அனுமதியின்றிப் பணிக்கு வராமை ஆகி, ஒழுங்கு நடவடிக்கை தொடங்கும். பின்னால் வேறொரு அரசுப் பணிக்கு நீங்கள் தேர்வானால் அந்தக் கோப்பு குறுக்கே நிற்கும். எந்த முடிவானாலும், இந்த வாரச் சனிக்கிழமை அலமாரியை இறக்கி அந்த மூன்று பட்டியல்களை எழுதிவிடுங்கள். இருப்பதற்கும் போவதற்கும் அவை தேவைப்படும்.